ஐந்து பேரோடு ஒரு பயணம்: மேற்கத்திய செவ்வியல் இசை கேட்கத் தொடங்குவோருக்கு முழுமையான வழிகாட்டி

மேற்கத்திய செவ்வியல் இசையைக் கேட்டுப் பழக வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் வழக்கமாக ஒரு பட்டியலோடு தொடங்குவார்கள். முதலில் பாக், பிறகு மோட்சார்ட், பிறகு பீத்தோவன். மூன்றாவது வாரத்தில் பட்டியல் அப்படியே நின்றுவிடும். நூற்றாண்டு வாரியாக இசை கேட்பது பரீட்சைக்குப் படிப்பதற்குத்தான் லாயக்கு.

நாம் வேறு வழியில் போவோம். எழுதியவர்களைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, வாசித்தவர்களைப் பிடித்துக்கொள்வோம். நமக்கு இது புதிதல்ல. டிசம்பர் சீசனில் இன்னார் பாடுகிறார், இன்னார் வயலின் என்று பார்த்துத்தானே சபாவுக்குப் போகிறோம்? அதே பழக்கம் இங்கேயும் கைகொடுக்கும்.

## யார் அந்த ஐந்து பேர்?

1969 ஆகஸ்ட் 30 அன்று லண்டனில், தேம்ஸ் நதியின் தென்கரையிலுள்ள குவீன் எலிசபெத் ஹாலில், ஐந்து நண்பர்கள் சேர்ந்து சூபர்ட்டின் 'ட்ரவுட்' குவின்டெட்டை வாசித்தார்கள். கிறிஸ்டோபர் நூபன் அதைப் படமாக எடுத்தார். நம் பயணம் அந்தப் படத்தில்தான் தொடங்குகிறது.

பியானோவில் டேனியல் பேரன்பாய்ம், வயது 26. வயலினில் இட்சாக் பெர்ல்மன். மறுநாள் அவருக்கு 24 பிறக்கவிருந்தது. வயோலாவில் 21 வயது பிங்கஸ் சூகர்மன். செல்லோவில் 24 வயது ஜாக்குலின் டூ ப்ரே. ஆளுயர டபுள் பாஸைப் பிடித்துக்கொண்டு நின்றவர் 33 வயது சூபின் மேத்தா, நம் பம்பாய்க்காரர்.

மேத்தா அப்போதே லாஸ் ஏஞ்சலிஸ் பில்ஹார்மோனிக் இசைக்குழுவின் தலைமைக் கண்டக்டர். வியன்னாவில் மாணவராக இருந்தபோது டபுள் பாஸும் கற்றிருந்ததால் நண்பர்களுக்காக அன்று அதை எடுத்தார். மற்றவர்கள் மூன்று பேரும் தந்தி வாத்திய சோலோயிஸ்டுகள். பேரன்பாய்ம் பியானோவிலும் கண்டக்டர் மேடையிலும் கால் வைத்தவர். அவருக்குத் தனியாக ஒரு வழிகாட்டி எழுத வேண்டியிருக்கும் என்பதால் இங்கே வந்து போகிறவராக மட்டும் வைத்துக்கொள்வோம்.

## தொடங்கும் முன்: இரண்டு தொழில்கள்

சோலோயிஸ்டும் கண்டக்டரும் ஒரே மேடையில் நிற்கிறார்கள். ஆனால் இரண்டும் வேறு வேறு பிழைப்பு. இதைப் புரிந்துகொண்டுவிட்டால் கேட்பதில் பாதிக் குழப்பம் போய்விடும்.

சோலோயிஸ்டுக்கு நிரந்தர வேலை கிடையாது. ஓர் ஊருக்கு வருவார், அங்குள்ள இசைக்குழுவோடு ஓரிரு முறை ஒத்திகை பார்ப்பார், கச்சேரி வாசிப்பார், அடுத்த ஊருக்கு விமானம் ஏறுவார். சம்பளம் கச்சேரிக்கு இவ்வளவு என்று. அதிலிருந்து ஏஜென்டின் பங்கு, வாத்தியத்துக்கான காப்பீடு எல்லாம் போகும். அவர் வாசிப்பது பெரும்பாலும் கான்செர்ட்டோ: ஒருவர் ஒரு பக்கம், முழு இசைக்குழு மறுபக்கம், அரை மணி நேரம்.

கண்டக்டர் கச்சேரியில் ஒரு சத்தமும் எழுப்புவதில்லை. இசைக்குழுவின் இசை இயக்குநராக இருந்தால் பல ஆண்டு ஒப்பந்தம் இருக்கும். எந்த ஆண்டு எதை வாசிப்பது, எந்த சோலோயிஸ்டை அழைப்பது, காலியான இடத்துக்கு யாரை எடுப்பது என்பதிலெல்லாம் அவர் சொல்லுக்கு எடை உண்டு. மீதி வாரங்களில் மற்ற ஊர் இசைக்குழுக்களுக்கு விருந்தாளியாகப் போவார்.

வயலினை வீட்டில் வைத்து எட்டு மணி நேரம் சாதகம் செய்யலாம். நூறு பேர் கொண்ட இசைக்குழுவை வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. யாராவது நம்பி மேடையைக் கொடுத்தால்தான் உண்டு. அதனால்தான் சோலோயிஸ்டுகள் பதின்மூன்று பதினாறு வயதில் வெளிச்சத்துக்கு வந்துவிடுகிறார்கள், கண்டக்டர்கள் மெதுவாக வருகிறார்கள்.

## முதல் படி: 'ட்ரவுட்' (முதல் வாரம், செலவில்லை)

நூபனின் படத்தை இணையத்தில் தேடிப் பாருங்கள். முதல் பாதியில் ஒத்திகையும் கலாட்டாவும். வாத்தியங்களை மாற்றிக்கொண்டு விளையாடுகிறார்கள். இதைத் தாண்டிப் போய்விட வேண்டாம். உலகப் புகழ்பெற்றவர்கள் என்ற மிரட்சி நமக்கு இங்கேயே கழன்றுவிடும்.

பிறகு கச்சேரி. இந்தக் குவின்டெட்டை எழுதும்போது, 1819இல், சூபர்ட்டுக்கு வயது 22. ஐந்து பிரிவுகள், ஏறக்குறைய நாற்பது நிமிடம். முதல்முறை எதையும் ஆராயாமல் ஓடவிடுவோம்.

இரண்டாம் முறை நான்காவது பிரிவுக்கு மட்டும் நேராகப் போவோம். நம் காது பழகுவதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. சூபர்ட் தானே எழுதிய 'ட்ரவுட்' என்ற மீன் பாட்டின் மெட்டை எடுத்துக்கொண்டு அதை விதவிதமாக மாற்றிப் பார்க்கிறார். முதலில் தந்தி வாத்தியங்கள் மட்டும் மெட்டைச் சொல்லும். பியானோ சும்மா இருக்கும். அடுத்து பியானோ அதை எடுக்கும். அதற்கடுத்த மாற்றத்தில் மெட்டு வயோலாவுக்குப் போகும், அதாவது சூகர்மன்; மேலே பெர்ல்மனின் வயலின் பின்னிக்கொண்டே இருக்கும். மூன்றாவதில் மெட்டு கீழே இறங்கி செல்லோவிலும் டபுள் பாஸிலும் நடக்க, பியானோ மேலே ஓடித் திரியும். மேத்தாவைப் பார்க்க வேண்டிய இடம் இது. நான்காவது கோபமாக வெடிக்கும். ஐந்தாவது டூ ப்ரேவுடையது.

கண்ணை மூடிக்கொண்டு இப்போது யார் மெட்டை வைத்திருக்கிறார் என்று சொல்ல முடிந்தால் முதல் படி முடிந்தது. முடியாவிட்டால் இன்னொரு முறை கேட்போம், அவ்வளவுதான்.

## இரண்டாம் படி: டூ ப்ரே, ஒரே ஒரு கான்செர்ட்டோ

1945இல் ஆக்ஸ்போர்டில் பிறந்தவர். வில்லியம் ப்ளீத்திடம் செல்லோ கற்றார். 1961இல், பதினாறு வயதில், லண்டன் விக்மோர் ஹாலில் அரங்கேற்றம். 1965 ஆகஸ்டில் ஜான் பார்பிரோலி நடத்த, லண்டன் சிம்பொனி இசைக்குழுவோடு எல்காரின் செல்லோ கான்செர்ட்டோவை ஒலிப்பதிவு செய்தபோது அவருக்கு வயது 20. அந்தப் பதிவு இன்றுவரை கடையிலிருந்து இறங்கியதில்லை.

1919இல் அந்தக் கான்செர்ட்டோ முதன்முதலில் அரங்கேறியபோது ஒத்திகை போதாமல் சொதப்பியது. அன்றைய இசைக்குழுவில் செல்லோ வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் இளைஞரான இதே பார்பிரோலி. நாற்பத்தாறு ஆண்டுகள் கழித்து அவர் கண்டக்டராக நின்று ஓர் இருபது வயதுப் பெண்ணோடு அந்தக் கணக்கைத் தீர்த்திருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றும்.

எப்படிக் கேட்பது? தொடக்கத்தில் இசைக்குழு கிடையாது; செல்லோ மட்டும் நான்கு கனமான நாதங்களை இழுக்கும். கொஞ்ச நேரத்தில் வயோலாக்கள் தனியாக, துணையில்லாமல், ஒரு மெட்டைக் கொண்டுவரும். அதைச் செல்லோ வாங்கிக்கொள்ளும். இந்தக் கைமாற்றத்தைக் கவனியுங்கள். முழுதும் அரை மணி நேரம்.

அடுத்த நாள் அவருடைய 1970 பதிவைக் கேட்போம்: பேரன்பாய்ம் நடத்த, பிலடெல்பியா இசைக்குழுவோடு மேடையில் வாசித்தது. இதற்குள் பேரன்பாய்ம் அவர் கணவர். 1967இல் ஜெருசலேமில் திருமணம். அதே ஆள், அதே இசை, ஐந்து ஆண்டு இடைவெளி. எங்கே நிறுத்துகிறார், எங்கே இழுக்கிறார் என்று இரண்டையும் ஒப்பிட்டால் சோலோயிஸ்ட் என்பவர் என்ன செய்கிறார் என்பது புத்தகம் இல்லாமலே புரியும். எனக்கு முதல் பதிவுதான் பிடிக்கும். இரண்டாவதில் ஆவேசம் சற்று அதிகம். நீங்கள் மாற்றிச் சொல்லலாம்.

1973இல் அவருக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று தெரிந்தது. விரல்களில் உணர்ச்சி குறைந்து, அந்த ஆண்டோடு மேடை வாழ்க்கை முடிந்தது. அப்போது வயது 28. 1987இல் 42 வயதில் இறந்தார். அரங்கேற்றத்திலிருந்து கணக்கிட்டாலும் பன்னிரண்டு ஆண்டுகள்தான் வாசித்திருக்கிறார். அதனால் அவருடைய பதிவுகள் எண்ணிவிடக்கூடிய அளவில்தான் இருக்கின்றன. புதியவருக்கு ஒருவகையில் இது வசதி.

## மூன்றாம் படி: பெர்ல்மன், நீண்ட ஓட்டம்

பெர்ல்மன் 1945இல் டெல் அவீவில் பிறந்தார். நான்கு வயதில் போலியோ. ஊன்றுகோலோடு மேடைக்கு வந்து உட்கார்ந்து வாசிப்பவர். 1958இல், பதின்மூன்று வயதில், அமெரிக்கத் தொலைக்காட்சியில் எட் சல்லிவன் நிகழ்ச்சியில் தோன்றினார். ஜூலியர்ட் இசைப் பள்ளியில் இவான் கலாமியன், டோரதி டிலே ஆகியோரிடம் படிப்பு. 1963இல் கார்னகி ஹால், 1964இல் லெவன்ட்ரிட் போட்டியில் வெற்றி. ஒரு சோலோயிஸ்டின் ஏணி அந்தக் காலத்தில் இப்படித்தான் இருந்தது: நல்ல குரு, பெரிய ஊர், ஒரு போட்டி, பிறகு ஏஜென்ட்.

அவர் வாசிப்பை நாம் ஏற்கெனவே கேட்டிருக்க வாய்ப்பு உண்டு. 1993இல் வந்த 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்' படத்தின் வயலின் அவருடையது. அதிலிருந்தே தொடங்குவோம், மூன்று நான்கு நிமிடம் போதும்.

பிறகு பீத்தோவனின் வயலின் கான்செர்ட்டோ, கார்லோ மரியா ஜூலினி நடத்திய பதிவு. பொறுமை தேவை. முரசின் மெல்லிய தட்டல்களில் தொடங்கி, மூன்று நிமிடத்துக்கு மேல் இசைக்குழு மட்டும் வாசிக்கும், சோலோயிஸ்ட் காத்திருப்பார். முதல் பிரிவின் கடைசிப் பகுதியில் இசைக்குழு நின்றுவிட, வயலின் மட்டும் தனித்து வித்தை காட்டும். தனி ஆவர்த்தனத்தின்போது பாடகர் ஒதுங்கிக்கொள்வதுபோலக் கண்டக்டரும் கையைக் கீழே விட்டுவிடுவார். கடென்சா என்று பெயர். பீத்தோவன் வயலினுக்கு அதை எழுதி வைக்கவில்லை. பலரும் ஃபிரிட்ஸ் கிரைஸ்லர் எழுதியதை வாசிக்கிறார்கள்.

## நான்காம் படி: சூகர்மனும் சங்கமமும்

சூகர்மனை இங்கே சுருக்கமாகப் பார்ப்போம். 1948இல் டெல் அவீவில் பிறந்து, ஐசக் ஸ்டெர்னின் உதவியோடு பதின்ம வயதில் நியூயார்க் வந்து, அதே கலாமியனிடம் படித்து, 1967இல் அதே லெவன்ட்ரிட் போட்டியில் கொரியாவின் கியுங் வா சுங்குடன் முதல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். வயலின், வயோலா இரண்டிலும் சோலோயிஸ்ட். பின்னால் கண்டக்டராகவும் ஆனார். ஒட்டாவாவில் தேசியக் கலை மைய இசைக்குழுவைப் பல ஆண்டுகள் வழிநடத்தினார்.

கேட்க வேண்டியது மோட்சார்ட்டின் சின்ஃபோனியா கான்செர்டான்டே. வயலினும் வயோலாவும் சேர்ந்து முன்னால் நிற்கும் இசை. 1982இல் டெல் அவீவில் நடந்த ஹூபர்மன் விழாவில் பெர்ல்மன் வயலின், சூகர்மன் வயோலா, இஸ்ரேல் பில்ஹார்மோனிக்கை நடத்தியவர் மேத்தா. பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் டபுள் பாஸோடு இவர்களுக்குப் பின்னால் நின்றவர் இப்போது கோலோடு முன்னால் நிற்கிறார். வயலின் கேட்கும் கேள்விக்கு வயோலா எப்படிக் கொஞ்சம் கருத்த குரலில் பதில் சொல்கிறது என்று இரண்டாவது பிரிவில் கேளுங்கள்.

## ஐந்தாம் படி: மேத்தா, அல்லது சத்தம் எழுப்பாதவரைக் கேட்பது எப்படி?

கண்டக்டரைக் கேட்பதுதான் கடினம். அதனால் கடைசியில் வைத்திருக்கிறேன்.

1936இல் பம்பாயில் பார்சிக் குடும்பத்தில் பிறந்தவர் மேத்தா. தந்தை மெலி மேத்தா வயலின் கலைஞர், பம்பாய் சிம்பொனி இசைக்குழுவை உருவாக்கியவர். மகன் மருத்துவம் படிக்கப் போய், பாதியில் விட்டுவிட்டு, 1954இல் 18 வயதில் வியன்னாவுக்கு ஓடினார். அங்கே ஹான்ஸ் ஸ்வரோவ்ஸ்கியிடம் கண்டக்டர் பயிற்சி.

பெரிய கண்டக்டர்களின் ஒத்திகைக்கு மாணவர்களை உள்ளே விடமாட்டார்கள். மேத்தாவும், உடன் படித்த கிளாடியோ அப்பாடோவும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: இசைச் சங்கத்தின் பாடகர் குழுவில் சேர்ந்துவிட்டார்கள். பாடகர் வரிசையில் நின்றால் கண்டக்டரின் முகத்தை நேருக்கு நேர் பார்க்கலாம். பார்வையாளர்களுக்குக் கிடைப்பதோ முதுகு மட்டும். நமக்கும் இதில் ஒரு குறிப்பு இருக்கிறது. கண்டக்டரைப் படிக்க வேண்டுமானால் ஒலிப்பதிவைவிட காணொளிதான் சரி.

1958இல் லிவர்பூலில் கண்டக்டர் போட்டியில் முதலிடம். பிறகு வேகம்தான்: மாண்ட்ரியல், 1962 முதல் 1978 வரை லாஸ் ஏஞ்சலிஸ், 1978 முதல் 1991 வரை நியூயார்க் பில்ஹார்மோனிக். இடையே இஸ்ரேல் பில்ஹார்மோனிக்கோடு 1969இல் தொடங்கிய பதவி உறவு 2019 வரை நீடித்தது. சோலோயிஸ்ட் ஆண்டுக்கு நூறு மேடை ஏறலாம். ஒரே குழுவோடு அரை நூற்றாண்டு வாழ்வது கண்டக்டருக்கு மட்டும் வாய்க்கும்.

இப்போது பயிற்சி. 1990ஆம் ஆண்டின் இரண்டு காணொளிகளை எடுத்துக்கொள்வோம்.

ஒன்று, ஜனவரி முதல் நாள் வியன்னாவில் நடந்த புத்தாண்டுக் கச்சேரி. இங்கே குழு அவர் கையில். கடைசியில் வரும் 'ராடெட்ஸ்கி மார்ச்'சுக்குக் கூட்டம் கைதட்டும். கண்டக்டர் திரும்பி நின்று அந்தக் கைதட்டலையே கூட்டிக் குறைத்து நடத்துவார்.

இரண்டு, ஜூலை 7 அன்று ரோமில் காரகல்லா குளியல் கூடத்தின் இடிபாடுகளில் நடந்த 'த்ரீ டெனர்ஸ்' கச்சேரி. பவரொட்டி, டொமிங்கோ, கரேராஸ். இங்கே பாடகர் எப்போது மூச்சு வாங்குவார், எந்த ஸ்வரத்தில் நின்று ரசிகரைக் கிறங்கடிப்பார் என்று மேத்தா பின்தொடர வேண்டியிருக்கிறது. பாடகர்களை விட்டுவிட்டு அவர் கண்கள் எங்கே போகின்றன என்று மட்டும் பாருங்கள். வலக்கை காலம் காட்டும். இடக்கை பெரும்பாலும் யார் உள்ளே வர வேண்டும், யார் அடங்க வேண்டும் என்று சொல்லும்.

ஒலிப்பதிவில் ஒன்றே ஒன்று: லாஸ் ஏஞ்சலிஸ் குழுவோடு 1971இல் பதிவான ஹோல்ஸ்டின் 'பிளானட்ஸ்'. முதல் பகுதி 'மார்ஸ்' ஐந்து எண்ணிக்கையில் ஓடுகிறது. தொடையில் 'தகதகிட' போட்டுக்கொண்டே கேளுங்கள், வழி தவறாது.

## எவ்வளவு செலவாகும்?

ஐந்து படிகளுக்கும் ஒரு ரூபாய்கூடத் தேவையில்லை. இலவச யூடியூபில் பிரிவுக்கு நடுவே விளம்பரம் வந்து உயிரை வாங்கும், அவ்வளவே. அது பொறுக்காவிட்டால் ஏதாவது ஓர் ஒலிச் சேவைக்கு மாதச் சந்தா. இந்தியாவில் 100 முதல் 150 ரூபாயை ஒட்டி வரும். ஆப்பிளின் செவ்வியல் இசைக்கான தனிச் செயலி, அவர்களுடைய வழக்கமான சந்தாவிலேயே சேர்ந்தது. இசையமைப்பாளர், கண்டக்டர், சோலோயிஸ்ட் என்று தனித்தனியாகத் தேட முடிவது அதன் சௌகரியம்.

பணம் போடுவதானால் முதலில் இயர்போனில் போடுங்கள். 1,500 ரூபாய்க்குள் கம்பியுள்ள நல்லதே கிடைக்கும். டபுள் பாஸ் கேட்காத இயர்போனில் மேத்தாவைத் தேடிப் பயனில்லை.

நொட்டேஷன் படிக்கத் தெரிந்தவர்களுக்கு 'ட்ரவுட்', எல்கார் இரண்டின் பிரதிகளும் ஐஎம்எஸ்எல்பி தளத்தில் இலவசம். குறுந்தகடுப் பெட்டித் தொகுப்புகளை இப்போதைக்கு வாங்க வேண்டாம். ஐம்பது தட்டுகளில் நாற்பத்தைந்து உறை பிரியாமல் கிடக்கும்.

## நேரில் கேட்க

நமக்குப் பக்கம் மும்பைதான். நரிமன் பாயின்ட்டில் உள்ள என்சிபிஏ கலை மையத்தில், 2006இல் தொடங்கிய சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா ஆண்டுக்கு இரண்டு சீசன் நடத்துகிறது. இருக்கையைப் பொறுத்துச் சில நூறு முதல் சில ஆயிரம் வரை டிக்கெட். சென்னையிலிருந்து ரயிலில் ஸ்லீப்பர் வகுப்பில் போக 600 ரூபாயை ஒட்டி ஆகும். முதலில் நிகழ்ச்சி நிரலைப் பார்ப்போம், டிக்கெட் வாங்குவோம், பிறகு ரயில். இந்த வரிசையை மாற்றினால் மும்பையில் கடல் மட்டும் பார்த்துவிட்டு வர நேரும்.

கச்சேரியின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: சிறிய தொடக்க இசை, பிறகு சோலோயிஸ்டின் கான்செர்ட்டோ, இடைவேளை, பிறகு சிம்பொனி. சோலோயிஸ்டுக்காகப் போகிறவர் தாமதமாகப் போனால் அவரைத் தவறவிடுவார். இடையில் கதவு திறக்கமாட்டார்கள்.

லண்டனில் உறவினர் யாராவது இருந்து, கோடையில் போக வாய்த்தால் ராயல் ஆல்பர்ட் ஹாலின் 'ப்ராம்ஸ்' (Proms) கச்சேரிகள் உண்டு. நின்றுகொண்டு கேட்கும் டிக்கெட் சமீப ஆண்டுகளில் 8 பவுண்டை ஒட்டித்தான். நிற்கும் இடம் மேடைக்கு மிக அருகில். வியன்னா புத்தாண்டுக் கச்சேரிக்கோ பணம் இருந்தால் மட்டும் போதாது. டிக்கெட் குலுக்கலில் விழ வேண்டும்.

## கவனம்!

பிரிவுகளுக்கு நடுவே கைதட்ட வேண்டாம். சந்தேகமாக இருந்தால் கண்டக்டரின் கை கீழே இறங்கி அவர் திரும்பும்வரை காத்திருங்கள். 'சபாஷ்' போட்டுப் பழகியவர்களுக்கு இது தண்டனைதான், தெரியும்.

பேருந்தில் கேட்க வேண்டாம். இந்த இசையில் மெல்லிய இடம் மிக மெல்லியது. ஒலியைக் கூட்டி வைத்தால் அடுத்த நொடி காது கிழியும்.

கதைகளை நம்பும் முன் யோசியுங்கள். பெர்ல்மன் ஒரு கச்சேரியில் தந்தி அறுந்தும் மூன்று தந்திகளிலேயே முழுக் கான்செர்ட்டோவையும் வாசித்தார் என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் வருடம் தவறாமல் வரும். அப்படி நடந்ததற்கு ஆதாரம் கிடையாது. 1998இல் வந்த 'ஹிலரி அண்ட் ஜாக்கி' திரைப்படத்தை டூ ப்ரேயின் வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்; அவரை நெருங்கி அறிந்த இசைக்கலைஞர்களே எதிர்த்த படம். அதற்குப் பதில் நூபன் எடுத்த ஆவணப் படங்களைப் பார்ப்போம். அவற்றில் அவரே இருக்கிறார்.

பழைய வயலின் வாங்கும் ஆசை வந்தால் ஒரு வார்த்தை: உள்ளே ஸ்ட்ராடிவாரி என்று சீட்டு ஒட்டியிருப்பது எதையும் நிரூபிக்காது. தொழிற்சாலையில் செய்த சாதாரண வயலின்கள் ஆயிரக்கணக்கில் அந்தச் சீட்டோடு திரிகின்றன.

## அடுத்து எங்கே?

இங்கிருந்து நம் வீட்டுப் பக்கம் ஒரு வாசல் திறக்கிறது. யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து மருத்துவரான எல். சுப்பிரமணியம், ஸ்டெதஸ்கோப்பை வைத்துவிட்டு வயலினோடு போனவர். 1985இல் மேத்தா நடத்த, நியூயார்க் பில்ஹார்மோனிக்கோடு தன் 'ஃபேன்டஸி ஆன் வேதிக் சான்ட்ஸ்' படைப்பை வாசித்தார். இருபது ஆண்டுகள் கழித்து, சுனாமியின் முதலாண்டு நினைவு நாளான 2005 டிசம்பர் 26 அன்று, மேத்தா பவேரிய அரசு இசைக்குழுவோடு சென்னை மியூசிக் அகாடமி மேடையில் நின்றார்.

ஐந்து வாரம் முடித்தவர்கள் ஆறாவது வாரத்தில் இந்த 'ஃபேன்டஸி'யைத் தேடிக் கேளுங்கள். கமகம் கேட்டுப் பழகிய காது ஒரு பக்கம், நாம் புதிதாகப் பழக்கிய காது மறுபக்கம். சுப்பிரமணியத்தின் வயலின் நுழையும்போது இசைக்குழு எவ்வளவு விலகி இடம் கொடுக்கிறது என்று இப்போது உங்களுக்கே கேட்கும். அதற்கடுத்த வாரத்துக்கு கியுங் வா சுங்.